ஆறு முடிச்சுக் கயிறு

நானும் என் மச்சானும் இரத்தம் வரும்படி மூன்று தடவை அடித்துக்கொண்டிருக்கிறோம். முதல் தடவை, அவன் தங்கையை நான் கல்யாணம் செய்துகொண்ட வாரத்தில். எதற்காக என்று இன்று இரண்டு பேருக்குமே நினைவில்லை. இரண்டாவது தடவை, கொழுந்து மூட்டை அவன் பல்லை உடைத்ததற்காக. மூன்றாவது தடவை, நான் அவன் தங்கையை அடித்ததற்காக, லயத்து வரிசை வீடுகளின் ஜனமெல்லாம் பார்க்க, தண்ணீர் விழுகிற பீலிக்கரையில். நான்காவது தடவை ஒன்று நடந்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் தோட்டம் பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகிற ரோட்டுக்கு மேலே இருந்தது. தேயிலை அரைக்கிற ஸ்டோர் கீழே ஆற்றங்கரையில். நல்ல கொழுந்து கிடைக்கிற மலைகளோ எதிர்ப்பக்கத்து உச்சியில். நடுவே பெரிய பள்ளம். கூடையில் சுமந்து சுற்றி இறங்கினால் கொழுந்து வழியிலேயே சூடேறிக் கறுத்துவிடும். அதனால் உச்சியிலிருந்து ஸ்டோர் வாசல்வரை பள்ளத்துக்குக் குறுக்கே ஓர் இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கம்பியில் ஒரு சக்கரம் ஓடும். சக்கரத்தில் இரும்புக் கொக்கி. கொக்கியில் நாலு சாக்குக் கொழுந்தைச் சேர்த்துக் கட்டி விட்டால் அது தன் பாரத்திலேயே பறந்து ஸ்டோருக்குப் போய்ச் சேரும். மேலே கொட்டிலில் இருந்துகொண்டு மூட்டையை விடுகிறவன் நான். கீழே பலகைத் தட்டில் நின்று அதைப் பிடித்து அவிழ்க்கிறவன் என் மச்சான். என் மனைவிக்கு ஒரே அண்ணன்.

மூட்டை தறிகெட்டு ஓடாமல் இருக்க அதன் பின்னால் ஒரு வால் கயிறு உண்டு. அந்தக் கயிறு கொட்டிலில் இருக்கிற மர உருளையில் சுற்றியிருக்கும். மூட்டை போகப் போக உருளை சுழலும். உருளையை அழுத்திப் பிடிக்க ஒரு பிரேக் கட்டை, அது என் கையில். உருளை ஒரு சுற்றுச் சுற்றும்போது அதில் அடித்திருந்த முளை ஒரு தகரத்தைத் தட்டும். டக். எண்பத்துநாலு டக் ஆனால் மூட்டை ஸ்டோருக்குப் போய்விட்டது என்று கணக்கு. அறுபதில் பிரேக்கை இறுக்கத் தொடங்க வேண்டும். எண்பதில் மூட்டை ஊர்ந்துதான் போக வேண்டும்.

இன்னொன்றும் இருந்தது. கம்பியின் ஒரு முனையில் இரும்புத் தடியால் தட்டினால், மறுமுனையில் உள்ளங்கையை வைத்திருப்பவனுக்கு அது சுரீரென்று தெரியும். பள்ளத்துக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினால் அந்தப் பக்கம் கேட்காது. ஆகவே கம்பியைத் தட்டுவதில்தான் எங்கள் பேச்சு. கீழேயிருந்து ஒரு தட்டு வந்தால், தயார், விடு. மூட்டை நல்லபடியாக வந்து சேர்ந்தாலும் அதே ஒரு தட்டுத்தான். இரண்டு தட்டினால் நிறுத்து. மூன்று தட்டினால் ஒதுங்கு, மரக்கட்டைக்குப் பின்னால் போ. மச்சான் நிற்கிற பலகைத் தட்டுக்கு ஓரமாக ஆள் உயரத்துக்கு ஒரு பருத்த மரக்கட்டையை நட்டு வைத்திருந்தார்கள். அதன் பின்னால் நிற்கிறவனை எந்த மூட்டையும் ஒன்றும் செய்ய முடியாது. நேரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற நாங்கள் இரண்டு பேரும் கம்பியில் மட்டும் மரியாதையாகப் பேசிக்கொண்டோம்.

வெயில் நாளில் எந்தக் கணக்கும் வேண்டியதில்லை. மூட்டை போவது கண்ணுக்குத் தெரியும். ஒரு கையில் வெற்றிலை மடித்துக்கொண்டே மறுகையால் விடலாம். ஐப்பசி பிறந்து மூட்டம் இறங்கினால்தான் சங்கடம். கொட்டிலுக்கு வெளியே கையை நீட்டினால் விரல் தெரியாது. மூட்டை என் முன்னால் இரண்டு முழம் போனதும் வெள்ளைக்குள் மறைந்துவிடும். அதற்கப்புறம் எனக்கு மிஞ்சுவது தகரத்துச் சத்தமும் கம்பித் தட்டும் மட்டும்தான். மூன்றாவதாக என் உடம்பு ஒன்று இருக்கிறதே, அது சொல்வதைக் கேட்கவே கூடாது. பிரேக் கட்டை நனைந்து வழுக்கும்போது கைக்குப் பாரமே தெரியாது. மூட்டை பிய்த்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும். உடம்போ, நின்றுவிட்டது நின்றுவிட்டது என்று சத்தியம் பண்ணும்.

பல வருடம் கழித்துப் பதுளைக் கடைவீதியில் ஒரு துணிக்கடைக்காரர் பத்திரிகையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். ஆகாய விமானம் ஓட்டுகிறவர்கள் மேகத்துக்குள் நுழைந்தால் மேலே எது கீழே எது என்று தெரியாமல் தலைகீழாக விழுந்து சாகிறார்களாம். அதற்காகக் கண்ணை மறைத்துக்கொண்டு, எதிரே இருக்கிற கருவியின் முள்ளை மட்டும் நம்பி ஓட்டப் பழகுகிறார்களாம். அந்தப் பழக்கத்தையும் விடாமல் செய்துகொண்டே இருக்க வேண்டுமாம், கொஞ்சம் விட்டாலும் கை மறந்துவிடுமாம். கடையில் இருந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியமில்லை. நான் வாங்க வந்த வேட்டியை வாங்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

முதல் வருடத்து மூட்டத்தில் எனக்கு இதெல்லாம் தெரியாது. உடம்பை நம்பினேன். மூட்டை வேகமாகப் போய் மச்சானின் முகத்தில் அடித்தது. முன்பல் இரண்டு போயிற்று. அவன் ஸ்டோரில் சொல்லிக்கொள்ளவும் இல்லை. வாயில் இரத்தம் ஒழுகப் பள்ளத்தைச் சுற்றி மலையேறி வந்தான். கொட்டிலுக்குள் நுழைந்ததும் என் கழுத்தைப் பிடித்து உருளையில் மோதினான். நான் கூடையால் அவன் காதோடு சேர்த்து அறைந்தேன். அவன் என் தோளைக் கடித்தான். பல் இல்லாத இடம் மட்டும் தழும்பில் இன்றும் வெற்றிடமாக இருக்கிறது. கொழுந்து பறிக்கிற பெண்கள் கூடையோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். விலக்க ஒருத்தியும் வரவில்லை. அடித்து அடித்துக் கை சலித்துப்போய் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம்.

அப்போதுதான் எங்கள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒன்றில் ஒத்துப்போனோம்.

"மூட்டத்துல விடுறதுக்கு வெயில்லயே பழகு மாப்ளே," என்றான். காற்று பல் சந்தில் புகுந்து வந்தது. "சாக்க தலையில கவுத்துக்க. மாசத்துக்கு ஆறு மூட்ட குருடனாட்டம் விடு. விடுறதுக்கு முந்தி நாலு தட்டு தட்டு, நான் கட்டைக்குப் பின்னால போயிர்றேன். நல்லா வந்து சேந்தா ஒரு தட்டு தட்டுவேன்."

"நான் ஆறு விட்டேன்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

அவன் தன் இடுப்பிலிருந்து ஒரு சணல் கயிற்றை அவிழ்த்து என்மேல் எறிந்தான். ஒவ்வொரு குருட்டு மூட்டைக்கும் ஒரு முடிச்சு. மாதக் கடைசியில் அந்தக் கயிறு கொக்கியில் தொங்கிக்கொண்டு கீழே போகும். அவன் முடிச்சுகளை எண்ணுவான். எண்ணிவிட்டு அவிழ்த்து, நான் மேலே இழுக்கிற காலிச் சாக்குகளோடு திருப்பி அனுப்புவான். கயிற்றில் ஆறு முடிச்சு இருந்தால், மூட்டம் வந்தாலும் அவன் பலகைத் தட்டின் முன்விளிம்பில் நிற்பான். அங்கே நின்று கையால் பிடித்தால்தான் கொழுந்து ஆற்றில் சிந்தாமல் இருக்கும். ஆறு இல்லையென்றால் கட்டைக்குப் பின்னால் நிற்பான். கொழுந்து சிந்தினால் சிந்தட்டும், கங்காணி வாயில் வந்ததைப் பேசட்டும். அந்தக் கயிற்றை நம்பித்தான் அவன் தன் உயிரை விளிம்பில் கொண்டுவந்து நிறுத்தினான். இதை நான் நன்றாகத் தெரிந்தே வைத்திருந்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு நாளும் சொல்லிக்கொள்ள முடியாது.

மூன்று வருடம் ஒழுங்காகச் செய்தேன். பெண்கள் எனக்குக் குருட்டுக் கம்பிக்காரன் என்று பெயர் வைத்தார்கள். "சாக்குக்குள்ள யாரு, மாப்பிள்ளையா பொண்ணா?" என்று ஒருத்தி கேட்டால் மற்றவர்கள் கூடையைத் தட்டிச் சிரிப்பார்கள். ஒரு தடவை கங்காணி பின்னாலிருந்து வந்து என் தலைச் சாக்கின் மேலேயே பிரம்பால் விளாசினார். "பட்டப்பகல்ல மூடிப் போத்திக்கிட்டுத் தூங்குறியாடா?" என்றார். மூட்டை பாதிப் பள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அடியை வாங்கிக்கொண்டே நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று எண்ணி, அந்த மூட்டையைப் பூப்போல இறக்கினேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது.

நாலாவது வருடம், சின்னத்துரை சீமைச் சண்டைக்குக் கப்பலேறிப் போன வருடம், ஆனி மாதக் கடைசியில் என் மனைவியை அடித்தேன். காரணம் ஏதோ இருந்தது. அதை இங்கே எழுதினால் செய்தது சின்னதாகிவிடும், எழுதமாட்டேன். அவள் கீழுதடு கிழிந்தது. மறுநாள் விடிந்து, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகுமுன் எல்லாரும் முகம் கழுவுகிற நேரம், பீலிக்கரையில் என் பின்மண்டையில் ஓர் அடி விழுந்தது. மச்சான் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் திருப்பிப் பிடித்து அதன் பிடியால் அடித்தான். திரும்பியதும் அடுத்த அடியில் புருவம் பிளந்தது. நான் சேற்றில் விழுந்தேன். எழ எழ அடித்தான்.

"இன்னொருக்கா அவ மேல கை வச்சே, பிடியால அடிக்க மாட்டேன்," என்றான். "கத்திய திருப்பிப் பிடிப்பேன்."

அடித்தது நியாயம்தான். அது அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் ஐம்பது பேருக்கு முன்னால் சேற்றில் கிடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. சூடு சொரணை உள்ளவன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்த காலம். அவன் தங்கையிடம் ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. அவனைப் பழிவாங்க வழி தேடினேன்.

ஆடி பிறந்தது. எங்கள் பக்கத்தில் அப்போது கச்சான் காற்று அடிக்கும். மூன்று மாதம் ஒரு துளி மழை இல்லாமல், லயத்துத் தகரத்தைப் பிய்த்து எறிகிற காற்று. வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். தயார் என்று அவன் தட்டுகிற ஒரு தட்டு மட்டும் எங்களுக்குள் நடந்தது. நான் பதில் தட்டவில்லை. குருட்டு மூட்டை விடவேண்டுமென்றால் நாலு தட்டித் தொடங்க வேண்டும், அப்புறம் அவன் கொடுக்கிற ஒரு தட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். அவனிடம் கை நீட்டி நிற்பது போல எனக்கு அது கசந்தது. முதல் வாரம் விடவேயில்லை. இரண்டாவது வாரமும் இல்லை. மாதக் கடைசியில் கயிறு மொட்டையாகப் போனால் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று நினைப்பான் என்று தோன்றியது. ஆகவே இரும்புத் தடியை எடுத்து நாலு தட்டுத் தட்டினேன். சாக்கைத் தலையில் போடாமல், கண்ணைத் திறந்துகொண்டு, வெற்றிலையை மென்றுகொண்டு மூட்டையை விட்டேன்.

மூட்டை மெத்தென்று போய் இறங்கியது. அவன் கட்டைக்குப் பின்னாலிருந்து வெளியே வருவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு தட்டு வந்தது. பலமான தட்டு. பீலிக்கரையில் என்னைப் பிளந்தவன், கோபத்தையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, நல்லா விட்டே என்று சொல்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. கயிற்றை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டேன்.

அப்படி ஆடியில் ஆறு, ஆவணியில் ஆறு, புரட்டாசியில் ஆறு. பதினெட்டு முடிச்சிலும் ஒன்றுகூட நிஜமில்லை. ஒவ்வொரு மாதமும் கயிறு அவிழ்ந்து சுத்தமாகத் திரும்பி வரும். அவன் அதை நம்புகிறான் என்பதே எனக்கு ஒரு பழிவாங்கல் போல இனித்தது. இவ்வளவு கேவலமாக இருந்திருக்கிறேன்.

ஐப்பசியில் தீபாவளி முடிந்த வாரம் காற்று ஒரேயடியாக நின்றது. அன்று பகல் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குப் பள்ளத்தைக் காணோம். ஸ்டோரைக் காணோம். கொட்டிலின் கூரையில் மழை சடசடவென்று கொட்டியது. கம்பியில் உள்ளங்கையை வைத்தேன். ஒரு தட்டு வந்தது: தயார், விடு.

போன மாதக் கயிற்றில் அவன் ஆறு முடிச்சை எண்ணியிருக்கிறான். ஆகவே விளிம்பில் நிற்கிறான். இது எனக்குக் கண்ணால் பார்ப்பது போலத் தெரிந்தது. இரும்புத் தடி என் கையில் இருந்தது. மூன்று தட்டுத் தட்டியிருந்தால் போதும். என்ன ஏது என்று கேட்காமல் கட்டைக்குப் பின்னால் போயிருப்பான். ஆனால் வருடத்து முதல் மூட்டத்தில், கயிற்றில் ஆறு முடிச்சை வைத்துக்கொண்டு, ஒதுங்கு என்று தட்டினால் முடிச்செல்லாம் பொய் என்று நானே ஒத்துக்கொண்டது ஆகும். தடியைக் கீழே வைத்தேன்.

முதல் மூட்டை போயிற்று. இரண்டாவதும் போயிற்று. எப்படிப் போயிற்று என்று எனக்கே தெரியாது. ஒரு தட்டு, ஒரு தட்டு. ஒன்றும் மறக்கவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

மூன்றாவது மூட்டை நனைந்து கனத்த கொழுந்து. இருபது, முப்பது என்று எண்ணினேன். கூரைத் தகரத்தில் மழை வலுத்தது. மூன்று மாதமாக மழைச் சத்தத்துக்குள் நான் எண்ணிப் பழகவில்லை. நாற்பதுக்கு மேல் எது உருளைத் தகரம், எது கூரைத் தகரம் என்று பிரிக்க முடியவில்லை. நாற்பத்தேழா? ஐம்பத்தேழா? சந்தேகம் வந்தால் பிரேக்கை முழுக்க இறுக்கி நிறுத்திவிட்டு இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். பழகிய கை அதைத் தானாகச் செய்திருக்கும். என் கைக்குப் பாரம் தெரியவில்லை. நின்றுவிட்டது, பள்ளத்துக்கு நடுவில் தொங்குகிறது என்று உடம்பு சொன்னது. அதை நம்பினேன். பிரேக்கைத் தளர்த்தினேன்.

கம்பியிலிருந்து இரண்டு தட்டு. உடனே இன்னும் இரண்டு. வெறி பிடித்தாற்போல.

பிரேக் கட்டையின்மேல் விழுந்து அழுத்தினேன். நனைந்த மரம் புகைந்தது. வால் கயிறு என் முழங்கையின் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. அப்புறம் கம்பி மேலே எம்பி, கொட்டிலின் கூரையை ஓங்கி அறைந்து, நடுங்கி நின்றது. உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன். ஒன்றுமில்லை. தடியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினேன். பதில் இல்லை. ஒன்றுமே இல்லை.

பள்ளத்தைச் சுற்றிப் போகிற பாதையை விட்டுச் செடிகளுக்குள் விழுந்து புரண்டு இறங்கினேன். ஆற்றைக் கடக்கும்போது கணுக்கால் சுளுக்கியது. பலகைத் தட்டில் கொழுந்து சிதறிக் கிடந்தது. இரும்புக் கொக்கிக்கும் கம்பித் தூணுக்கும் நடுவில் மச்சானின் வலது கை இருந்தது. முழங்கைக்குக் கீழே அது கையாக இல்லை. அவன் மயங்கவில்லை. என்னைத் தவிர மற்ற எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தான்: மழையை, கம்பியை, கொக்கியைச் செய்த ஆசாரியை. ஸ்டோர் ஆட்கள் கடப்பாரையால் கொக்கியை நெம்பியபோது அவன் போட்ட சத்தம் எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் தன் இடுப்பு வாரை அவிழ்த்துத் தோளுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார்.

ஒரு கம்பளியைத் தொட்டில் போல மூங்கிலில் கட்டி, அதில் அவனைக் கிடத்தி, பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மூங்கிலின் முன்முனை என் தோளில். பின்முனையில் ஸ்டோர் ஆள் ஒருவர். மாற்றுத் தோள் கொடுக்க வந்தவர்களிடம் நான் கொடுக்கவில்லை. ரோட்டுக்கு வரும்வரை அவன் முனகினான். ரோட்டில் ஏறியதும் பேசினான்.

"மாப்ளே, கயித்துல ஆறு முடிச்சு இருந்துச்சே," என்றான். "நான்தானே எண்ணுனேன். அப்பறம் எப்பிடி?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. அவன் முகம் எனக்குப் பின்னால் இருந்தது. அதனால்தான், கூட வந்தவர்களுக்குக் கேட்காத குரலில், என்னால் சொல்ல முடிந்தது.

"எல்லாம் பொய் முடிச்சு மச்சான். ஆடியிலருந்து ஒரு மூட்டகூட சாக்க போட்டு விடல. நாலு தட்டு தட்டிட்டு கண்ண தொறந்துக்கிட்டுத்தான் விட்டேன். பீலிக்கரையில அடிச்சதுக்காக. இன்னிக்காச்சும் ஒதுங்குன்னு தட்டிருக்கலாம், தட்டல. நான்..."

தோளில் இருந்த மூங்கிலில் இரண்டு தட்டு விழுந்தது. விரல் கணுவால் தட்டுகிற சின்னத் தட்டு. நிறுத்து. எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் அது புரியாது. நான் சட்டென்று நின்றேன். பின்னால் வந்தவர் தடுமாறினார்.

"நடடா," என்றான் மச்சான். "பேச்சத்தான் நிறுத்தச் சொன்னேன்."

ஆஸ்பத்திரியில் கையைத் தோளோடு எடுத்துவிட்டார்கள்.

அன்று அந்தி சாய வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அடுப்பில் எரிந்துகொண்டிருந்த விறகை உருவினாள். முதுகில், தோளில், தடுக்காத என் கைகளில் அடித்தாள். கரி உதிர்ந்தது; சட்டை ஓரிடத்தில் பற்றியது. "எங்க அண்ணன் ஒன்ன நம்பி நின்டுச்சேடா பாவி!" என்று கத்தினாள். அதுவரை அவள் என்னை டா போட்டதில்லை. லயத்தில் பக்கத்து அறை, அதாவது பக்கத்துக் காம்பிராக்காரர்கள் கதவைத் தட்டினார்கள், நான் திறக்கவில்லை. அவள் கை ஓய்ந்ததும் விறகை அடுப்பில் வைத்து, அண்ணனுக்குக் கஞ்சிக்கு அரிசி களைந்தாள். விடிந்ததும் பதுளைக்கு நடந்து போனாள். அடுத்த ஒரு மாதம் என்னோடு அவளுக்குப் பேச்சே இல்லை.

பெரிய துரை விசாரணை வைத்தார். நான் பழக்கம் விட்டவன் என்று தெரிந்தால் அன்றைக்கே மூட்டை முடிச்சோடு தோட்டத்தை விட்டுத் துரத்தியிருப்பார். ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பிக் கேட்டபோது மச்சான், பிரேக் கட்டை மழையில் நனைந்து வழுக்கிவிட்டது, மேலே இருக்கிறவன் மேல் குற்றமில்லை என்று சொல்லியிருந்தான். டீமேக்கர்தான் எனக்கு இதைச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தே பதுளைக்குப் போனேன்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது பக்கம் சட்டைக் கை காலியாகத் தொங்கியது.

"ஏன் மச்சான் எனக்காகப் பொய் சொன்ன?" என்றேன்.

"ஒனக்காகவா? என் தங்கச்சி ஒன் வீட்டுல இருக்கா. ஒன்னத் தொரத்துனா அவளும்தானே தெருவுல நிப்பா."

அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "என்னை அடி மச்சான்," என்றேன். நிஜமாகவே கெஞ்சினேன். "இடது கையி இருக்குல்ல. அடி. கத்தியத் திருப்பிப் பிடிப்பேன்னு சொன்னியே, அப்பிடியே செய்."

அந்த இடது கை விரிப்பின்மேல் ஒரு தடவை மூடித் திறந்தது.

"அடிச்சா ஒனக்கு ஆறிரும்," என்றான். "ஆற வேணாம்."

அதற்கப்புறம் அவன் என்மேல் கை வைக்கவேயில்லை. எத்தனையோ தடவை வம்புக்கு இழுத்துப் பார்த்தேன், அசைந்து கொடுக்கவில்லை.

தை மாதம் மூட்டம் விலகி வெயில் வந்தபோது அவன் தோட்டத்துக்குத் திரும்பினான். ஒற்றைக் கைக்காரனுக்கு ஏற்ற வேலை என்று துரை அவனை வாசல் காவலுக்குப் போடச் சொன்னார். வேண்டாம், பழைய இடமே போதும் என்று நின்றுவிட்டான். "தட்டுறதுக்கு ஒத்தக் கையி காணும்ங்க," என்றானாம். மூட்டையை அவிழ்க்க மட்டும் ஸ்டோர் ஆள் ஒருவர் துணைக்கு நின்றார்.

முதல் நாள் காலை கொட்டிலில் முடிச்சுக் கயிற்றைத் தேடினேன். மாட்டியிருந்த ஆணி காலியாக இருந்தது. நான் பெரட்டில் நின்றபோது யாரையோ அனுப்பி அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். பள்ளத்துக்கு அப்பால் பார்த்தேன். பலகைத் தட்டில் நின்றான், சின்னதாக, ஒரு பக்கம் சாய்ந்தாற்போல. நாலு தட்டுத் தட்டினேன்: இது குருட்டு மூட்டை. அவன் கட்டைக்குப் பின்னால் போக வேண்டும். போகவில்லை. முன்விளிம்புக்கு வந்து நின்றான். மூன்று தட்டுத் தட்டினேன்: ஒதுங்கு. பதிலுக்கு இரண்டு தட்டு வந்தது. மறுபடியும் மூன்று தட்டினேன். மறுபடியும் இரண்டு. பிறகு ஒன்று: தயார், விடு.

சாக்கைத் தலையில் கவிழ்த்தேன். கொழுந்து வாடையும் இருட்டும். பக்கத்தில் பெண்களின் சிரிப்பு எழவில்லை. எல்லாரும் நின்று பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. மூட்டையை விட்டேன். ஒன்று, இரண்டு. முப்பதில் வியர்வை கண்ணில் இறங்கியது. ஐம்பதில் உடம்பு சொன்னது: நின்றுவிட்டது, தளர்த்து. அதே சொல், அதே சத்தியம். போடா நாயே என்று வாய்விட்டுத் திட்டினேன். அறுபதில் இறுக்கினேன். எழுபது. எண்பதில் மூட்டை ஊர்ந்தது. எண்பத்துநாலு.

கம்பியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். நேரமாயிற்று. சாக்கைக் கழற்றப் பயமாக இருந்தது.

ஒரு தட்டு வந்தது. பழைய பலம் அதில் இல்லை. அது இடது கைத் தட்டு. தரையில் உட்கார்ந்து, சாக்குக்குள்ளேயே அழுதேன்.

சாயங்காலம் காலிச் சாக்குகளை மேலே இழுத்தபோது கொக்கியில் அந்தக் கயிறு தொங்கியது. ஒரு முடிச்சு இருந்தது. இனிமேல் முடிச்சுப் போடுவது அவன் வேலை என்று புரிந்தது. ஒரு முனையைக் கையில் பிடித்து மறுமுனையைப் பல்லால் கடித்து இழுத்திருக்கிறான். கயிறு எச்சிலில் நனைந்திருந்தது. முன்பல் இரண்டும் இல்லாதவன் போட்ட முடிச்சு, தொளதொளவென்று இருந்தது. இறுக்கிவிடலாம் என்று விரல் போயிற்று. அதைத் தொடாமல் அப்படியே ஆணியில் மாட்டினேன்.